வாம்பிளேட்

இரும்புக் கையுறைக்கு மேலே, நடுவிரலில், அந்த நவரத்தின மோதிரம், உள்ளே போட்டால் யார் பார்ப்பார்கள் என்று வெளியே மாட்டிக்கொண்டு, கையைத் தூக்கி, திருப்பி, வெயிலில் ஒருமுறை மின்னவிட்டு, தெரியுதா என்று கேட்கிறார் சித்திரசேனன், தெரியுதுண்ணே, பிரமாதமாத் தெரியுது என்கிறோம் எல்லோரும், நானும்தான் சொல்கிறேன், எனக்கு இருபத்துநான்கு வயது, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., உதவி இயக்குநர், கவசம் பூண்ட இளவரசன் குதிரைமேல் பாய்ந்து வருகிற காட்சி, ஆனால் குதிரை இல்லை, இரண்டு தார் பீப்பாய்களின் மேல் பலகை போட்டுச் சேணம் கட்டியிருக்கிறது, பின்னால் இரண்டு பேர் பலகையை ஆட்டுகிறார்கள், முன்னால் ஒருவர் முறத்தால் புழுதியை விசிறுகிறார், கையுறையும் இரும்பில்லை, துணிக்கு மேல் அலுமினியப் பெயின்ட், இளவரசருக்கு நாற்பத்தைந்து வயது, விக்குக்குள்ளிருந்து வேர்வை இறங்கிக் கன்னத்துப் பவுடரில் கோடு போடுகிறது, வயிற்றை உள்ளே தள்ளிக் கட்டிய நாடா அவிழ்ந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாடா கோழையே, என்கிறார், எதிரே எந்தக் கோழையும் இல்லை, விளக்குப் பிடிக்கிற ஒருவர் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார், கோழை பலகைக்கு இந்தப் பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறான் என்று அப்போது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கண்ணை மூடினால் முதலில் வருவது இன்றைக்கும் அந்த மோதிரம்தான், சில நாள் பகல் தூக்கத்தில் மோதிரம் மட்டும் வருகிறது, விரல் இல்லாமல், தானாகத் திரும்பித் திரும்பி மின்னிக்கொண்டு.

இந்த வருடம் அவருக்கு நூற்றாண்டாம், பெத்தபெருமாளாகப் பிறந்து சித்திரசேனனாகச் செத்தவருக்கு, போன மாதம் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள், மிருதுளா என்று பேர் சொன்னாள், யூடியூபில் சேனல் நடத்துகிறாளாம், சார், கவசக் குமரன்ல நீங்கதானே அசிஸ்டன்ட் டைரக்டர், அந்தக் குதிரைச் சண்டைய டூப்பே போடாம அவரே பண்ணாராமே, அத நீங்க உங்க வாயால சொல்லணும் சார், ஒரு அரை மணி நேரம் போதும், என்றாள், வாங்கம்மா என்றேன், எவ்வளவு சுலபமாகச் சொன்னேன், ஏனென்றால் அதைத்தான் நான் ஐம்பத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நூறாவது நாள் விழாவில் சொன்னேன், அவர் செத்தபோது இரங்கல் கூட்டத்தில் குரல் தழுதழுக்கச் சொன்னேன், வார இதழில் தொடராக எழுதினேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி, குதிரையே மிரண்டு நின்றபோது அவர்தான் கழுத்தைத் தட்டிக்கொடுத்து ஓட்டினார் என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன், எதன் கழுத்தை, பீப்பாயின் கழுத்தையா, கேட்டவர்கள் கைதட்டினார்கள், நான் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன், வீட்டில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன அந்தப் பொன்னாடைகள், ஒன்றைக்கூடப் போர்த்திக்கொள்ள முடியாது, ஜரிகை அரிக்கும்.

படம் எடுத்தவர் ஆவுடையப்பன், முதலாளியும் அவரே இயக்குநரும் அவரே, இங்கிலீஷ் படம் ஒன்றைப் பாதி தூங்கிப் பாதி பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி ரெண்டு பேர் இரும்புச் சட்டையோட குதிரைமேல எதிரெதிரே வந்து நீட்டு ஈட்டியால மோதிக்கணும்யா, நம்ம ஊர்ல யாரும் காமிச்சதில்ல, நீ படிச்ச பய, போய் எதையாச்சும் படிச்சிட்டு வா, என்று என்னை நூலகத்துக்கு அனுப்பினார், மூன்று நாள் உட்கார்ந்தேன், தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தில், படத்துக்குக் கீழே மிகச் சின்ன எழுத்தில், அது இருந்தது, ஈட்டியில் கை பிடிக்கிற இடத்துக்குச் சற்று முன்னால், வட்டமாக, வாய் அகன்ற புனல் மாதிரி ஒரு தகடு, எதிராளியின் ஈட்டி வழுக்கிக்கொண்டு வந்தாலும் பிடித்திருக்கிற கையில் படாமல் தடுப்பதற்கு, அதன் பெயர் வாம்பிளேட், எத்தனை எம்.ஏ.க்களுக்குத் தெரியும் இந்த வார்த்தை, எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியருக்கே தெரிந்திருக்காது, தெருவில் நடக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், புதுச் செருப்பு வாங்கியவன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கிற மாதிரி, வாம்பிளேட், வாம்பிளேட், தகட்டின் மேல் எனக்கு ஆசை இல்லை, அது காக்கிற கையைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை, வார்த்தைமேல்தான் ஆசை, வரைந்து கொடுத்துத் தகர வேலைக்காரரிடம் இரண்டு தகடு செய்யச் சொல்லி, சவுக்குக் கழியில் செய்த ஈட்டிகளில் போல்ட் போட்டு முடுக்கி, பெயின்ட் அடித்து, பெருமையாகக் கொண்டுபோய் சித்திரசேனன் முன்னால் நீட்டினேன், இது என்ன தம்பி, தோசைக்கல்லா என்றார், இதுக்குப் பேரு வாம்பிளேட்ண்ணே என்றேன், அவர் முகத்தில் ஒரு மரியாதை வரும் என்று காத்திருந்தேன், வாம்பிளேட்டா, ரத்தம் குடிக்குமா என்றார், அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அவர் நிறுத்தியதும் நிறுத்தினார்கள், பிறகு தகட்டுக்குப் பின்னால் கையை வைத்துக் கண்ணாடியில் பார்த்தார், என் கை எங்கய்யா, மோதிரம் எங்க, ஜனங்க துட்டு குடுத்து வர்றது என் கையப் பாக்கவா, தகரத்தப் பாக்கவா, கழட்டு இத, என்றார், ஆவுடையப்பன் என்னைப் பார்த்தார், நான் கழற்றினேன், அன்றைக்கிருந்து எனக்குப் பெயர் வாம்பிளேட்டு, ஏய் வாம்பிளேட்டு, டீ சொல்லு.

பீப்பாய்மேல் எடுத்த நெருக்கக் காட்சிகளில் தகடு இல்லை, ஆகவே மறுநாள் நிஜக் குதிரையில் மோதுகிறவனுக்கும் இருக்கக் கூடாது, ஒரு ஷாட்டில் இருப்பது அடுத்த ஷாட்டில் மாறாமல் பார்ப்பதுதான் உதவி இயக்குநரின் வேலை, என் நோட்டில் நானே எழுதி வைத்திருந்தேன், தகடு இல்லை, என்று, அடிக்கோடு போட்டு. செங்குன்றத்தைத் தாண்டி ஏரியோரமாக ஒரு பொட்டல், காலை பத்து மணி வெயில், சித்திரசேனன் வரவில்லை, அவருக்கு அங்கே வேலை இல்லை, அவருடைய கவசத்தைப் போட்டுக்கொண்டு துலுக்காணம் நிற்கிறான், புளியந்தோப்புக்காரன், குதிரைப் பந்தயத் திடலில் குதிரை பார்த்துக்கொண்டிருந்தவன், என்னைவிட ஒரு வயது இளையவன், கல்யாணமாகி நான்கு மாதம், டூப் போடுகிறவனை அவர் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வந்ததில்லை, இப்போதும் பாருங்கள் எனக்கு வரவில்லை, அவனுடைய ஈட்டியிலிருந்த தகட்டை அங்கேயே, பொட்டலில் குந்திக்கொண்டு, ஸ்பேனரால் நான்தான் கழற்றினேன், முதல் ஓட்டம் நன்றாக வந்தது, ஆவுடையப்பனுக்குப் புழுதி போதவில்லை, இன்னொன்று என்றார், இரண்டு குதிரைகளும் வருகின்றன, வந்துகொண்டே இருக்கின்றன, எத்தனையோ முறை அவை வந்து சேராமல் அப்படியே அந்தரத்தில் நின்றிருக்கின்றன என் தூக்கத்தில், ஆனால் அன்றைக்கு வந்து சேர்ந்தன, எதிரே வந்த சவுக்குக் கழி இவனுடைய கழிமேல் பட்டு, அதன்மேலேயே வழுக்கி, புத்தகத்தில் போட்டிருந்தபடியே, ஒரு சொல் பிசகாமல், நேராக வந்து பிடித்திருந்த கையில் இறங்கியது, அலுமினியப் பெயின்ட் அடித்த துணி என்ன செய்யும், துலுக்காணம் கத்தவில்லை, குதிரையை நிறுத்தி, இறங்கி, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஷாட் வந்துச்சா சார் என்று கேட்டான்.

இளவரசனின் வெல்வெட் அங்கியைக் கையில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம், சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மூன்றையும் எடுத்துவிட்டார்கள், மறுநாள் காலை ஆவுடையப்பன் என்னைக் கூப்பிட்டு, விஷயம் போலீசு, சங்கம்னு போச்சுன்னா படம் நின்னுடும்யா, குடிச்சிருந்தான்னு ஒரு காகிதம் எழுது, உன் எழுத்து அழகா இருக்கும், அடுத்த படம் நீதான் டைரக்ட் பண்ற, என்றார், எழுதினேன், மது அருந்திய நிலையில் எங்கள் எச்சரிக்கையையும் மீறி, என்று எழுதினேன், மீறி என்ற சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டது நினைவிருக்கிறது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள், பவுனம்மாள், பத்தொன்பது வயது இருக்கும், படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன், அவள் அப்பா குடித்துக் குடித்தே செத்தவராம், இந்தப் பழக்கம் இல்லாத மாப்பிள்ளை என்பதற்காகவே இவனைக் கட்டிக்கொண்டாளாம், நெசமாவா சார், குடிச்சிருந்தாரா, உங்க கண்ணால பாத்தீங்களா, என்று கேட்டாள், பார்த்தேம்மா என்றேன், அவள் என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தாள், பிறகு கட்டை விரலை நீட்டினாள், நான் மையைத் தடவிவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் சித்திரசேனன் வந்தார், ஆப்பிள் கூடையும் போட்டோக்காரரும் கூட வந்தார்கள், துலுக்காணத்தின் தலையில் கையை வைத்துக்கொண்டு, மோதிரம் தெரிகிற பக்கமாகத் திரும்பி, ரசிகனுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தாங்காது, என்றார், மறுநாள் பேப்பரில் அப்படித்தான் வந்தது, நோயுற்ற ரசிகரைக் கண்டு கண்கலங்கிய சித்திரசேனன், கண் கலங்கியது உண்மை, டெட்டால் வாடை அவருக்கு ஆகாது. படம் நூறு நாள் ஓடியது, எனக்குக் கிடைத்த அடுத்த படம் நான்கு நாள் ஓடியது, அதற்கடுத்தது ஒரு வாரம், அப்புறம் சீரியல்களுக்கு வசனம், மாமியார்கள் மருமகள்களுக்கு விஷம் வைக்கிற வசனங்கள், அவ்வளவுதான் நான் படித்த இலக்கியம்.

மிருதுளா வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்னால் அந்தப் படத்தின் போட்டோ ஒன்றை அனுப்பி, இது அவர்தானே சார் என்று கேட்டிருந்தாள், முகமூடி போட்ட வீரன் குதிரைமேல், ஈட்டியைப் பிடித்த கையில் மோதிரம் இல்லை, யாருமே கவனிக்காத மாதிரி, கை மட்டும் தனியாக, ஐந்து விரல்களோடு, நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், பிறகு சண்டைக் கலைஞர்கள் சங்கத்துக்குப் போன் பண்ணி விசாரித்து, புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினேன், கதவு திறந்துதான் இருந்தது, துலுக்காணம் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தான், இடது கையால், வெகு வேகமாக, நிமிர்ந்து பார்த்து, அட, வாம்பிளேட்டு சார், என்றான், வா சார், உக்காரு, அவ பொண்ணு வூட்டுக்குப் போய்கிறா, நாளைக்குத்தான் வருவா, என்றான், தீவனக் கடையில் இடது கையால் மூட்டை தைத்து மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தானாம், நான் பேட்டி விஷயத்தைச் சொன்னேன், சொல்லேன் சார், எப்பவும் சொல்றத சொல்லிட்டுப் போ, செத்தவரு பேரு நல்லா இருக்கட்டும், என்றான், அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான், நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அந்தச் சித்திரசேனன் ஒரு முட்டாப்பய துலுக்காணம், அவன் மோதிரத்துக்காக உன் கை போச்சு, என்றேன், அவன் கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், அவர சொல்லாத சார், அவருக்கு இன்னா தெரியும், அவரு அந்தத் தகரம் இன்னாத்துக்குன்னு கேக்கவே இல்ல, நான் கேட்டேன், நீ கழட்டிகினு இருந்தே, நான் குதிரைக்குத் தண்ணி காட்டிகினு இருந்தேன், இது இன்னாத்துக்கு சார்னு கேட்டேன், ஞாபகம் கீதா, நீ பேரச் சொன்னே, வாம்பிளேட்டுன்னு, அப்பால அது எந்த ஊரு பாஷை, பாதி எங்கேருந்து வந்துச்சு, மீதி எங்கேருந்து வந்துச்சுன்னு சொன்னே, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, நான் கேட்டது இன்னாத்துக்குன்னு, கைக்குடான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, குண்டான் மூடியையாச்சும் கட்டிகினு ஏறிருப்பேன், பெயின்ட் அடிச்சா எவனுக்குத் தெரியப் போவுது.

ஆமாம், சொன்னேன், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பாதிக்குப் பழைய பிரெஞ்சில் முன்னால் என்று அர்த்தம், அது தேய்ந்து தேய்ந்து வாம் என்று ஆனது என்று விளக்கினேன், அவன் ரைட்டு சார் என்று தலையாட்டினான், இந்த ஐம்பத்தைந்து வருடத்தில் பீப்பாய் நினைவிருக்கிறது, முறம் நினைவிருக்கிறது, பவுடரில் ஓடிய வேர்வைக் கோடு நினைவிருக்கிறது, மற்றவர்களைக் கேவலமாக நினைக்க என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் பத்திரமாக இருக்கிறது, இது மட்டும் எங்கே போயிருந்தது, அவன் கீரைத் தண்டுகளைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே, கை போனதுகூடப் பரவால்ல சார், நீ படிச்சுக் காட்டினியே ஒரு பேப்பரு, அதான் பேஜாராப் போச்சு, படிச்சவரு கண்ணால பாத்தேன்னு சொன்னாருன்னு அவ அதயே புடிச்சுகினா, இன்னி வரைக்கும் தட்டுல சோறு போடறதுக்கு முன்ன, குனிஞ்சு என் வாய மோந்து பாத்துட்டுத்தான் போடுவா, எழுபத்தெட்டு வயசு சார் எனக்கு, என்று சொல்லிச் சிரித்தான், சிரிப்பு முடிந்த பிறகும் வாய் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

மிருதுளா வந்தாள், கூட இரண்டு பேர், விளக்கு, சட்டையில் குத்துகிற மைக், சொல்லுங்க சார் என்றாள், சொன்னேன், பீப்பாயிலிருந்து ஆரம்பித்து, என் நோட்டில் போட்ட அடிக்கோடு, ஸ்பேனர், துலுக்காணம் கேட்ட கேள்வி, நான் எழுதிய காகிதம், மீறி என்ற சொல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன், அவள் நடுவில் நிறுத்தவே இல்லை, கண்கூடக் கலங்கிய மாதிரி இருந்தது, முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, சார், ஹெவியா இருக்கு சார், ஆனா இது நூற்றாண்டு ஸ்பெஷல், ஃபேன்ஸ் கமென்ட்ல கிழிச்சிருவாங்க, ஏதாச்சும் ஜாலியா ஒண்ணு சொல்லுங்களேன், என்றாள், அவளை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை, அவள் பேசியது எனக்குத் தெரிந்த பாஷை, அவள் வயதில் நானே பேசியது, ஒரு வாரம் கழித்து வந்த வீடியோவில் நான் மூன்று நிமிடம் இருந்தேன், வாம்பிளேட் என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்கிற இடமும், சித்திரசேனன் தோசைக்கல்லா என்று கேட்ட இடமும், கீழே சிரிக்கிற பொம்மைகள், தலைவர் டைமிங் வேற லெவல் என்று எழுபதாயிரம் பேர்.

அன்றைக்கே மறுபடி மூன்று மாடி ஏறினேன், இந்த முறை பவுனம்மாள் இருந்தார், ஒடிசலாக, வெள்ளைத் தலை, காது கொஞ்சம் மந்தம், என்னை அடையாளம் தெரியவில்லை, சினிமாவுல கூட வேல செஞ்ச சாரு, என்று துலுக்காணம் சத்தமாகச் சொன்னதும், அப்டியா, உக்காரு சார், என்று உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார், ஒரு டம்ளர்தான், அவருக்கு மாத்திரை போட்டுகிற நேரம் இன்னும் ஆவல, அப்பால தரேன், என்றார், நான் டீயைத் தொடவில்லை, அம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரில உங்ககிட்ட ஒரு காகிதம் படிச்சுக் காட்டினது நான்தான், என்றேன், அவர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார், நான் மறுபடி, உரக்க, அதுல இருந்தது பொய்ம்மா, உங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் குடிக்கல, ஒரு சொட்டுக்கூட இல்ல, நான் பாக்கல, பாத்தேன்னு சொன்னேன், என்றேன், கீழே யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கத்துகிறார்கள், குடங்கள் படியில் இடிபட்டு இறங்குகின்றன, அவர் குனிந்தபடியே இருந்தார், எழுதுனது யாரு, என்றார், நான்தாம்மா, தெரிஞ்சேவா எழுதுன, தெரிஞ்சேதாம்மா. துலுக்காணம், வுடு பவுனு, வயசானவரு, என்றார், ஆமாம், என்றான் இல்லை, என்றார், இப்போதுதான் வருகிறது எனக்கு. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று உள்ளூர ஆசையாகக்கூட இருந்தது, எத்தனை மட்டமான ஆசை, அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார், முகத்தை அல்ல, சட்டைப்பையை, அதில் இப்போதும் ஒரு பேனா இருந்தது, பிறகு கையை நீட்டி எனக்கு முன்னால் இருந்த டம்ளரை எடுத்தார், முந்தானையால் அதன் அடியைத் துடைத்தார், புருஷன் பக்கத்தில் போய்க் கால்களை மடக்கி உட்கார்ந்து, அவர் வாய்ப் பக்கம் குனியாமலே, இந்தா, என்றார், அவர் அதை வலது கையால் வாங்கினார், மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் விளிம்பைப் பிடித்து, நடுங்காமல், சிந்தாமல், சின்னச் சின்ன மிடறாகக் குடித்தார், பவுனம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சக்கர போதுமா, என்று கேட்டார், போதும் என்றார் அவர், என்னை எழுந்து போகச் சொல்லக்கூட இருவருக்கும் தோன்றவில்லை.